நேர்ந்துவிட்ட குதிரை

குதிரையைக் காணோம். கிருஷ்ணம்மா பலகையை எடுத்து வைத்து, கறுப்புக் காய்களை வரிசையாக நிறுத்தி, வெள்ளையையும் அடுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் ராஜா பக்கத்துக் குதிரை நிற்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். கட்டிலுக்கு அடியில் விளக்கைக் காட்டிப் பார்த்தாள். வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவிவிட்டு, எலிதான் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எலிகளின் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள்.

மரக்குதிரையை வைத்துக்கொண்டு எலி என்னடி செய்யும் என்று கேட்டிருக்க வேண்டிய புருஷன், கிணற்றடியில் கழுவிய காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நாராயணவனத்தில் வாயால் பேர் வாங்கியவர் கோவர்த்தனன். அவர் பேசாமல் இருக்கிறார் என்றால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள்.

"மாமா, குதிர எங்க?"

"சாமி கிட்ட இருக்குது."

கிருஷ்ணம்மா திரும்பிப் பார்த்தாள். ஏழுமலையான் படம் மாட்டியிருந்த ஆணியில், மஞ்சள் துணியில் முடிந்த சின்ன முடிச்சு ஒன்று தொங்கியது. துணிக்குள் குதிரையின் காது புடைத்துக்கொண்டு தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கல்யாணம் கூடிவர வேண்டும், காய்ச்சல் இறங்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும் என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். காரியம் முடிந்ததும் மலையேறிப் போய் உண்டியலில் போடுவார்கள். மற்ற விஷயங்களில் எப்படியோ, முடிந்து வைத்ததை வாங்கிக்கொள்வதில் திருப்பதி சாமி ரொம்பக் கறார். அதில் ஒன்று குறையக் கூடாது. அதற்குப் பதில் வேறொன்றை நீட்டவும் கூடாது. ஆனால் சதுரங்கக் குதிரையை முடிந்து வைத்த ஆள் அந்தத் தாலுகாவிலேயே கோவர்த்தனன் ஒருவராகத்தான் இருப்பார்.

"இன்னா மாமா வேண்டிக்கின?"

"கார்த்திகையில பாத்திரக்கட நாகபூஷணத்த இந்தக் குதிர ஆட்டத்தாலயே ஜெயிக்கணும். தோத்துட்டேன்னா இந்தக் குதிரய உன் உண்டியல்ல போட்டுடறேன் சாமின்னு சொல்லிட்டேன்."

"ஜெயிச்சாதானே மாமா சாமிக்குப் போடுவாங்க? நீ இன்னா தோத்தா போடறேன்ற?"

"தோத்துப்போன குதிர என் வீட்ல இன்னாத்துக்கு?"

"போட்டுட்டா?"

"போட்டுட்டா அப்புறம் எதை வெச்சி ஆடறது? அத்தோட ஆட்டம் முடிஞ்சிது. வேற குதிர வாங்கி வெச்சி ஆடினா அது சாமியையே ஏமாத்தற மாதிரி."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. கிருஷ்ணம்மா அந்தக் காலிக் கட்டத்தை விரலால் ஒரு தடவை தேய்த்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. "சரி, வா, ஆடலாம்" என்று வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் ஆடக் குதிரை இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். கிருஷ்ணம்மா எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் கொம்பை எடுத்து வந்து குதிரையின் கட்டத்தில் நிறுத்தினாள். கொஞ்சம் கோணலாக நின்றது. ஊர்த் தச்சர் செய்த பழைய குதிரையும் பார்க்கக் கழுதை மாதிரிதான் இருக்கும் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் குதிரையின் கதை, ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த வருஷத்தில் ஆரம்பித்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதி கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சத்திரத்தில், புத்தூர்ப் பக்கத்து ஆட்களும் திருப்பதி டவுன் ஆட்களும் சதுரங்கம் ஆடுவது வழக்கம். கோவர்த்தனனுக்கு எதிரில் எப்போதும் பாத்திரக்கடை நாகபூஷணம்தான். அந்த வருஷம் ஆட்டம் தொடங்கியதுமே கோவர்த்தனன் ஒரு தப்புச் செய்தார். மூலைவாட்டில் ஓடுகிற தன் ஒட்டகம் காவலுக்கு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு, நாலாவது நகர்த்தலிலேயே குதிரையைப் பாய்ச்சி எதிரி ராஜாவை ஒட்டி நின்ற சிப்பாயை வெட்டினார். ஒட்டகமோ இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. ஒரு சிப்பாய்க்காக ஒரு முழுக் குதிரையை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிட்டது.

நாகபூஷணம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் குதிரையை வெட்டாமல் விட்டால் ராணி என்று சிலர் சொல்கிற மந்திரியோ யானையோ போய்விடும். அதனால் ராஜா தானே இறங்கி வந்து அதை வெட்டினார். வெட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டிய ராஜா இப்போது நடுத்தெருவில் நிற்கிறார். கோவர்த்தனனின் சிப்பாய்கள் நடுவில் ஏறி வர, அந்தப் பக்கத்து ராஜா ஓட, இந்தப் பக்கம் துரத்த, சத்திரத்தில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். கடைசியில் கோவர்த்தனன் தோற்றார். ஆனால் ஊர் திரும்புகிற பஸ்ஸில், அதைத் தப்பு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "வேணும்னுதான் வெச்சேன்" என்றார். பஸ் புத்தூர் வந்து சேர்வதற்குள் அவரே அதை நம்பியும் விட்டார்.

கிருஷ்ணம்மாவின் அண்ணன் வேதாச்சலம் திருத்தணிப் பக்கத்தில் வாத்தியார். அவரும் இதே கோஷ்டியில் ஆடுகிறவர்தான். ஒரு லீவில் மெட்ராஸ் போனபோது லைப்ரரியில் தேடிவிட்டு வந்து சொன்னார். இப்படி ஆரம்பத்திலேயே காயைக் கொடுத்து இடம் பிடிப்பதற்கு இங்கிலீஷில் காம்பிட் என்று பேராம். இந்தக் குதிரைக் கொடையையும் எப்போதோ எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஆடியிருக்கிறானாம். ஆனால் நம்பி ஆடக்கூடியதல்ல என்று புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டார்களாம். நம்பி ஆடக்கூடாது என்றதில் கோவர்த்தனனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தனக்கு முன்னால் இன்னொருவன் ஆடிவிட்டான் என்பதில்தான் இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மூன்றாம் வேளைக்குச் சரியாகிவிட்டது. "ஒரே வரியில எழுதினான்னா அவன் சரியா பாக்கலன்னு அர்த்தம், மச்சான். நாம பாக்கலாம்" என்றார்.

அன்று முதல் அந்த வீட்டில் ஆராய்ச்சிதான். ஒரே மகளை நகரியில் கட்டிக்கொடுத்துவிட்டதால் சாயங்காலத்துக்கு மேல் வீட்டில் இரண்டே பேர். ஆராய்ச்சிக்குக் கறுப்புப் பக்கம் உட்கார ஆள் வேண்டும். உட்கார வைக்கிறேன் என்று கோவர்த்தனன் தன் மனைவிக்குக் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டவள், அடுத்த மழைக்காலத்தில் அவரை அடித்துக்கொண்டிருந்தாள்.

அதை வெளியில் யாரும் அறியமாட்டார்கள். அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. களை எடுக்கும்போதும், கடலை உரிக்கும்போதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் கைதான் வேலை செய்யும். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் தனக்குள் இத்தனை யோசனை இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். எதிரே புருஷன் தொடையைத் தட்டிக்கொண்டு, தாடையைத் தடவிக்கொண்டு, "இப்ப இன்னா பண்ணுவ? ஆங்?" என்பார். அவள் ஒரு சிப்பாயைத் தள்ளுவாள். அவர் முகம் மாறும். அவளுக்கு வாய்த்த நேரத்திலேயே அதுதான் நல்ல நேரம்.

குதிரையை முடிந்து வைத்த வருஷத்துத் தை மாதத்தில்தான் அது நடந்தது. வழக்கம் போல அவர் குதிரையைக் கொடுத்தார், அவள் ராஜாவை இறக்கி வெட்டினாள், அவர் சிப்பாய்களை ஏற்றினார். கறுப்பு ராஜாவை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று எத்தனையோ மாதமாக அவள் தலையை உடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பலகையைப் பார்த்தபடி இருந்தவளுக்குச் சட்டென்று தோன்றியது. எதற்கு ஒளிக்க வேண்டும்? வாங்கிய குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போகிறது. தன் குதிரை நடுச் சிப்பாயை வெட்டட்டும், அவர் அந்தக் குதிரையை வெட்டிக்கொள்ளட்டும். நடுவில் அவருடைய கட்டுக் குலைந்துவிடும். ராஜா பொடிநடையாக வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வெள்ளைக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைக்கூட எண்ணி எடுத்துத்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பாள் கிருஷ்ணம்மா. அவளுக்கே கொடுக்கிற வழி தோன்றியது என்றால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும். கை குதிரையின் மேல் போனது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கோவர்த்தனன், தன் ஒட்டகத்துக்குப் புதிதாக ஓர் இடம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தீபாவளிப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையை எடுத்துவிட்டு வேறொரு காயை நகர்த்தினாள். அடுத்த நாளும் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்படியே ஆவணி வந்துவிட்டது. ஆவணியில் குதிரை மஞ்சள் துணிக்குள் போய்விட்டது.

இனிமேல் எப்படிச் சொல்வது? சொன்னால் பயந்து பயந்து ஆடுவார். அவருக்குத் தெரிந்தது இந்த ஆட்டம் ஒன்றுதான். சொல்லாவிட்டால், அந்த வழியை நாகபூஷணமும் கண்டுபிடித்திருந்தால் அதோடு முடிந்தது. குதிரை உண்டியலுக்கும், பலகை பரணுக்கும் போகும். அப்புறம் சாயங்காலங்களில் அவர் புகையிலையை மென்றுகொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அவள் உள்ளே இருப்பாள். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் தோற்றுவிடுவாரே என்ற கவலையைவிடத் தன் ஆட்டம் போய்விடுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

அவர் கழனிக்குப் போன நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, கறுப்பு தன் குதிரையைத் திருப்பிக் கொடுத்த இடத்தை அடுக்கி வைத்து, வெள்ளைக்கு ஏதாவது வழி உண்டா என்று தேடினாள். சாம்பார் தீய்ந்ததுதான் மிச்சம். வெள்ளையாக உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை.

கடைசியில் ஓர் ஆறுதலைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்குச் சீர் கொடுக்க நாகபூஷணத்தின் கடையில் ஒரு பித்தளைக் குடம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் நெளிசல். மாற்றித் தரச் சொல்லிப் போய் நின்றதற்கு, மனிதர் அசையவே இல்லை. கையைவிட்டுப் போனது போனது, கைக்கு வந்தது வந்தது என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட ஆள் கையில் கிடைத்த ஒரு முழுக் குதிரையைத் திருப்பிக் கொடுப்பாரா? மாட்டார். இந்தக் கணக்கைத் தினமும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டு கார்த்திகை வரை ஓட்டினாள்.

இதற்குள் பலகையில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. யோசிக்கும்போது கோவர்த்தனனுக்குக் கை வேர்க்கும். வேர்த்த கையில் மஞ்சள் கொம்பை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அந்த ஒரே கட்டத்தில் கொண்டுபோய் வைப்பார். கறுப்பு ராஜாவை ஒட்டிய அந்த வெள்ளைக் கட்டம் மட்டும் நன்றாக மஞ்சளாகிவிட்டது. கிருஷ்ணம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் வேதாச்சலம் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் நடுவே போடப்போகிற எல்லைக் கதைதான். அடுத்த சித்திரைக்குள் கோடு விழுந்துவிடும், திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது, அதற்குப் பதில் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வருகிறது என்றார்.

"ஒண்ண குடுத்து ஒண்ண வாங்கறாங்க மாப்ள. உன் குதிர ஆட்டம்தான்."

"அப்ப எனுக்கு பொறந்த வூடு மெட்ராஸு, புகுந்த வூடு ஆந்திராவா ண்ணா?" என்றாள் கிருஷ்ணம்மா.

"ஆமா. அடுத்த வருசம் உங்க ஊட்டுக்காரனோட ஒரே கோஷ்டியில நான் ஆட முடியாது. வேற ராஜ்யத்துக்காரன்னு சொல்லிடுவாங்க."

அதனால்தான் புருஷன் இந்த வருஷத்துக்கென்று வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கோடு விழுவதற்குள், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும். அவள் மஞ்சள் முடிச்சை ஆணியிலிருந்து எடுத்து, மாற்றுப் புடவைக்குள் சுருட்டிப் பையில் வைத்தாள்.

சத்திரத்தில் பெண்கள் ஆடுகிற வழக்கம் இல்லை. கோயிலுக்கு வந்தவர்கள் கால் ஆறத் தூண் ஓரமாக உட்காரலாம். கிருஷ்ணம்மா கோவிந்தராஜ சாமியை அவசர அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வந்து, புருஷனின் பலகை தெரிகிற தூணாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பலகையும் காய்களும் சத்திரத்துடையவை. மடியில் பை, பைக்குள் வீட்டுக் குதிரை.

"ஏமய்யா கோவர்த்தனா, குர்ரம் வச்சிந்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் நாகபூஷணம். குதிரை வந்திருக்கிறதா என்று கேட்பது அவருடைய வருஷாந்தர வேடிக்கை. கோவர்த்தனனும் "வந்துச்சி, வந்துச்சி. உங்க ராஜாவ செருப்பு மாட்டிக்கினு வரச் சொல்லுங்க. இன்னிக்கி ரொம்ப நடக்கணும்" என்றார். சத்திரமே சிரித்தது.

நாலாவது நகர்த்தலில் குதிரை பாய்ந்தது. ராஜா இறங்கி வந்து வெட்டினார். வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து நடுவில் ஏறின. ஒட்டகம், தையில் கண்டுபிடித்த அந்தப் புது இடத்தில் போய் நின்றது. கோவர்த்தனன் அழகாகத்தான் ஆடினார். ஒரு காயையும் வீணாக நகர்த்தவில்லை. வேதாச்சலம் தன் ஆட்டத்தை மறந்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. அவர் வைக்கிற ஒவ்வொரு காயிலும் தன் சாயங்காலங்கள் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு நாகபூஷணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். கையை நீட்டி, தன் குதிரையின் மேல் விரலை வைத்தார்.

வேண்டாம் என்று கிருஷ்ணம்மா மனதுக்குள் கத்தினாள். குடத்தை நினைத்துப்பார் ஐயா, கைக்கு வந்தது வந்ததுதானே. குதிரை எழும்பி நடுச் சிப்பாயை வெட்டி அங்கேயே நின்றது. எடுத்துக்கொள் என்று நின்றது.

கோவர்த்தனன் அதை வெட்டினார். வெட்டிய பிறகு பலகையைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். கிருஷ்ணம்மாவுக்கு அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ராஜா பொடிநடையாக வீட்டுக்குப் போனார். இதைத் தன் வீட்டில் எத்தனை தடவை தனியாக அடுக்கிப் பார்த்திருக்கிறாள்! மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாகபூஷணத்துக்குத்தான் ஜெயித்த குஷியே இல்லை. எழுந்து வந்து கோவர்த்தனனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருசமா எனக்கு நிம்மதி இல்ல, தெலுசா? போன வருசம் மயிரிழையில தப்பிச்சேன். அதிலருந்து கடையில உட்கார்ந்தா உன் குர்ரம், படுத்தா உன் குர்ரம். திரும்ப இச்சேஸ்தே ஏமவுதுந்தி, திருப்பிக் குடுத்தா என்ன ஆகும்னு முந்தாநேத்துதான் தோணிச்சு. இந்த மாதிரி ஆட்டம் இந்த ஜில்லாவுல எவனும் ஆடறதில்லப்பா. அடுத்த வருசமும் இதையே ஆடு."

"அடுத்த வருசம் ஏது, சாமி" என்றார் கோவர்த்தனன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிருஷ்ணம்மாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை மலை பஸ்ஸில் ஏறிப் போனார்கள். வேதாச்சலத்துக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் ரேணிகுண்டாவுக்குப் போய் ரயிலேறிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வரிசையில் நின்றார்கள். கோவர்த்தனன் ராத்திரியெல்லாம் பேசவில்லை, பஸ்ஸிலும் பேசவில்லை. கோயிலுக்குள் வரிசை நுழைந்த பிறகு, கோவிந்தா கோவிந்தா என்று நாலாபக்கமும் சத்தமாக இருக்கும்போது, சாமியைப் பற்றி யோசிக்க வேண்டிய மனிதர் வாயைத் திறந்தார்.

"வாங்கின குதிரயத் திருப்பிக் குடுக்கலாம்னு எவனுக்காச்சும் தோணுமா கிஷ்ணம்மா?"

"எனுக்குத் தோணிச்சி மாமா."

"எப்போ?"

"தையில."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். "ஜரகண்டி, ஜரகண்டி" என்று கோயில் ஆள் முதுகில் கைவைத்துத் தள்ளினான். நாலடி நகர்ந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று கிருஷ்ணம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். புருஷன் அவள் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"அதுக்கு மேல வெள்ள இன்னா ஆடறது?"

இதைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த மனிதரைப் பற்றியா இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"பாத்துக்கினுதான் இருந்தேன் மாமா. நீ கழனிக்குப் போனப்பல்லாம் பாத்தேன். ஒண்ணும் ஆம்புடல. திருப்பிக் குடுத்த குதிரய வெட்னா, நமக்கு நடுவுல எதுவுமே நிக்கல."

"வெட்னாதானே?"

"வெட்டாம?"

"அவன் திருப்பிக் குடுத்தா நாம வாங்கணும்னு எவன் சொன்னது? அது எங்க போயிடும்? அங்கியே நிக்கட்டும். மொதல்ல மந்திரிய வெச்சி ஓரத்திலருந்து ஒரு செக்கு சொன்னா?"

"ராஜா ஒதுங்கும்."

"எந்தப் பக்கம் ஒதுங்கும்?"

கிருஷ்ணம்மா கண்ணை மூடி அந்தப் பலகையை நினைத்துப் பார்த்தாள். ராஜாவுக்கு ஒரு பக்கம் தன் ஒட்டகமே வழிமறித்து நிற்கிறது. இன்னொரு பக்கம் திறந்த வெளி. அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தபோது எதிரே சாமி நின்றிருந்தார். அவரைச் சரியாகப் பார்ப்பதற்குள் "ஜரகண்டி" என்று தள்ளிவிட்டார்கள். இத்தனை தூரம் வந்து சாமி முன்னால் நின்றுகொண்டு மந்திரியின் செக்கை யோசித்த பக்தர்கள் அன்றைக்கு இவர்கள் இருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உண்டியலண்டை வந்ததும் கோவர்த்தனன் பேச்சை நிறுத்தினார். கிருஷ்ணம்மா பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை. துணிக்கு மேலேயே காதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, துணி சுற்றிய உண்டியல் கொப்பரைக்குள் விட்டார். உள்ளே காசுகளின் மேல் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சி" என்றார். "நல்ல யோசனதான் அது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பயந்தபடியே புகையிலையையும் எடுத்துவிட்டார். விளக்கேற்றிவிட்டுப் பலகையைப் பரணில் தூக்கி வைக்கலாம் என்று கிருஷ்ணம்மா மூலைக்குப் போனாள். பலகை சாய்த்து வைத்திருந்தது. அந்த ஒற்றைக் கட்டம் விளக்கு வெளிச்சத்தில் பளீரென்று மஞ்சளாகத் தெரிந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். இத்தனை மாதம் கண்ணெதிரே இருந்ததை இரண்டு பேரும் பார்க்காமல், வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார்களாம்!

பலகையை நடுவீட்டில் போட்டுக் காய்களை அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, "மாமா, இங்க வா" என்றாள்.

வந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. "இன்னா வேல இது? குதிர சாமிக்குப் போயிடிச்சி. இனிமே ஆடக் கூடாது."

"சாமி கிட்ட இன்னா சொல்லி முடிஞ்ச? சொன்னத அப்படியே சொல்லு."

"தோத்துட்டா இந்தக் குதிரய உண்டியல்ல போடறேன்னு."

"போட்டியா?"

"போட்டேன்."

"ஆட மாட்டேன்னு சொன்னியா?"

கோவர்த்தனன் யோசித்தார். "சாமி கிட்ட சொல்லல. உன் கிட்டதான் சொன்னேன். குதிர இல்லாம எப்படி ஆடறதுன்னு."

"ஆவணியிலருந்து எத வெச்சி ஆடின?"

அவர் பலகையைப் பார்த்தார். ராஜா பக்கத்துக் குதிரையின் கட்டத்தில் மஞ்சள் கொம்பு கோணலாக நின்றுகொண்டிருந்தது. வாய் திறந்தபடி அதையே பார்த்தார். பிறகு கடைசியாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"வேற குதிர வாங்கனா சாமிய ஏமாத்தறது..."

"யாரு வாங்கினா? நம்ம கொல்லையில வெளைஞ்சது. உண்டியல்ல இத போடறேன்னு சொன்னியா, இல்லியே. அவருக்குச் சேர வேண்டியது அவருக்குப் போயிடிச்சி. இது நம்முது."

கோவர்த்தனன் சாமி படத்தைப் பார்த்தார். ஆணி காலியாக இருந்தது. சாமி எப்போதும் போலத்தான் இருந்தார், கூடவோ குறையவோ எதுவும் கேட்கிற முகமாகத் தெரியவில்லை. கோவர்த்தனன் புகையிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். வருகிற வேகத்தில் வாசற்படி தடுக்கியது. தடுக்கியதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. தன் பழைய இடத்தில் உட்காரப் போனால், அங்கே கிருஷ்ணம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அது வெள்ள பக்கம் கிஷ்ணம்மா."

"தெரியும். மலையில சொன்னியே, வெட்டாம செக்கு சொல்லலாம்னு. அத நான் ஆடிப் பாக்கறேன். நீ நாகபூஷணமா இரு."

இந்த வீட்டில் அவர் கறுப்புப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இடம் புதிதாக இருந்ததால் காலை மடக்குவதா நீட்டுவதா என்று தடுமாறி, ஒருவழியாக மடக்கிக்கொண்டார். கிருஷ்ணம்மா காய்களை நகர்த்தினாள். நாலாவது நகர்த்தலில் மஞ்சள் கொம்பை எடுத்து, அந்த மஞ்சள் கட்டத்தில் சிப்பாயைத் தட்டிவிட்டு வைத்தாள். கோவர்த்தனன் ராஜாவை இறக்கி அதை வெட்டினார். சிப்பாய்கள் ஏறின. ஒட்டகம் போய் அதன் இடத்தில் நின்றது. நேற்றைக்கு நாகபூஷணம் செய்தது போலவே அவரும் குதிரையைத் திருப்பிக் கொடுத்தார்.

கிருஷ்ணம்மா அதைத் தொடவில்லை. மந்திரியை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"செக்கு."

கோவர்த்தனன் சிரித்துக்கொண்டே ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினார். அவள் ஒரு சிப்பாயைத் தள்ளினாள். சிரிப்பு நின்றது. பலகையை நோக்கிக் குனிந்தார். இந்தப் பக்கம் கை போனது, திரும்பி வந்தது. அந்தப் பக்கம் போனது, அதுவும் திரும்பி வந்தது. ராஜா நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சொறிந்துகொண்டு, அவர் எதிரே இருந்த தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க உட்கார்ந்துக்கினா இம்மாம் கஷ்டமா? இத்தினி வருசமா நீ எப்படி உட்கார்ந்துக்கினு இருந்த?"

கிருஷ்ணம்மா தாடையைத் தடவிக்கொண்டு, தொடையை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்ப இன்னா பண்ணுவ? ஆங்?" என்றாள்.